பயிர்க்காவல் துப்பாக்கியும் அதன் உதையும்

செஞ்சி மலைக்காடுகளை அடுத்த கிராமங்களில் மணிலாக்கொட்டை காய் பிடிக்கத் தொடங்கியதும் குடியானவருக்கு இராத் தூக்கம் போய்விடுகிறது. காட்டுப்பன்றி மேய்ந்து விட்டுப் போகும் பிராணியன்று. வேரோடு கிளறி, தின்பதைவிடப் பாழாக்குவதே அதிகம். ஓர் இரவில் ஒரு கூட்டம் புகுந்த கொல்லையில் மறுநாள் பறிக்க மிஞ்சுவது கொடி மட்டுமே. பயிர்க்கடன் வாங்கி விதை போட்டவனுக்கு அந்த நஷ்டம் சங்கத்துக் கணக்குப் புஸ்தகம் வரையில் வந்து சேருகிறது.

இந்த ஆத்திரத்தில் சிலர் வேலியில் திருட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். சிலர் அவுட்டுக்காய் வைக்கிறார்கள். இரண்டும் குற்றம் என்பது ஒரு புறம் இருக்க, இரண்டுக்கும் பன்றி இன்னது, மனிதன் இன்னது என்று தெரியாது. தண்ணீர் பாய்ச்ச இருட்டில் வந்த பக்கத்துக் கொல்லைக்காரனும், மேய்ச்சலுக்குப் போன பசுவும் மாண்டிருக்கின்றனர். ஆகையால், ‘முறைப்படி ஒரு துப்பாக்கி இருந்தால் என்ன?’ என்ற கேள்வி அங்கத்தினர் கூடும் இடங்களில் எழுவது இயற்கையே.

முதலில் சட்டம். 1878-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்திற்குப் பதிலாக வந்தது 1959-ம் வருஷத்துச் சட்டம். அதன் 13-வது பிரிவு, உண்மையான பயிர்க் காவலுக்காக வாய்வழியே மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கிக்கு லைசென்சு கொடுக்க இடம் வைத்திருக்கிறது. அது போதாதென்று அதிகாரி கருதினால் வழவழப்பான குழலுடைய வேறு துப்பாக்கிக்கும் அனுமதி தரலாம். ஆனால் லைசென்சு என்பது துப்பாக்கியை வைத்திருக்க உத்தரவே தவிர, பன்றியைச் சுட உத்தரவன்று. 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, அதிகாரியின் உத்தரவின்றிக் காட்டுப்பன்றியைக் கொல்வது குற்றமாகும். தமிழ்நாட்டு ஸர்க்கார் 2025-ம் வருஷம் ஜனவரியில் ஓர் ஏற்பாட்டை அறிவித்தனர். காட்டின் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவது கிடையாது; ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர் வரையில் பன்றியைப் பிடித்துக் காட்டில் விடுவது; மூன்றுக்கு அப்பால் வனத்துறையாரே சுடுவது. குடியானவன் தானே சுடலாம் என்று அதில் எங்கும் இல்லை. இதை அறியாமல் பயிர்க்கடன் பணத்தைத் துப்பாக்கிக் கடையில் கொடுப்பவன் கடனையும் வழக்கையும் சேர்த்தே வாங்குகிறான்.

இனி, துப்பாக்கிகளின் அளவு. 12 போர் என்றால் 12 அங்குலம் என்றோ, 12 தோட்டா கொள்ளும் என்றோ நினைப்பவர் உண்டு. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், அவற்றில் ஒன்று எந்தக் குழலில் சரியாகப் பொருந்துமோ அதுவே 12 போர். அதன் விட்டம் சுமார் முக்கால் அங்குலம். 16 போரில் உருண்டைகள் பதினாறாவதால் குழல் சிறிது. எண் ஏற ஏறத் துவாரம் குறுகும். ரைபிள்களின் கணக்கு வேறு. அவற்றின் குழலுக்குள் சுருள் வரிகள் வெட்டியிருக்கும். குண்டு பம்பரம் போல் சுழன்று நேராகச் செல்லும். அங்கே .22, .315, .405 என்பன குழலின் அளவை அங்குலத்தின் பின்னமாகச் சொல்வன. .30-06 என்பதில் பின்னால் உள்ள 06, அத்தோட்டா அமெரிக்கப் பட்டாளத்தில் ஏற்பட்ட 1906-ம் வருஷத்தைக் குறிப்பது.

இந்தியாவில் இந்த எண்களுக்கு ஓர் அரசியல் சரித்திரமும் உண்டு. பட்டாளத்தார் உபயோகித்த .303 தோட்டா ஜனங்கள் கைக்குப் போய்விடக் கூடாதென்று வெள்ளைக்கார ஸர்க்கார் அந்த அளவைத் தனியாருக்குத் தடுத்தனர். .450 அளவும் சுமார் 1907-ல் அவ்விதமே தடுக்கப்பட்டது. உடனே இங்கிலாந்துக் கம்மியர்கள் .465, .470 என்று சற்றே மாற்றிய அளவுகளைச் செய்து விற்றனர். பிற்காலத்தில் இஷாபூர் தொழிற்சாலையில் நம்மவருக்காகச் செய்யப்பட்ட .315 ரைபிளும், ஆஸ்திரிய மான்லிச்சர் தோட்டாவை ஒட்டி, அத்தடைக்கு உட்படாத அளவாகவே வந்தது. யானை, புலியின் தன்மையைப் பார்த்து அமைந்த அளவுகளோடு, குடிகள்மேல் ஸர்க்காருக்கு இருந்த சந்தேகத்தைப் பார்த்து அமைந்தவையும் இவ்வாறு சேர்ந்துகொண்டன.

பெரிய அளவே சிறந்தது என்பது பொதுவான அபிப்பிராயம். அது தவறு. துப்பாக்கியை வெடித்த எவனும் முதலில் அறிவது அதன் உதை. செஞ்சிக் கோட்டையைப் பார்த்தவர்களுக்குப் பீரங்கிகள் தெரியும். பீரங்கியைச் சக்கரவண்டியில் ஏற்றியது இழுத்துச் செல்வதற்கு மாத்திரமன்று. வெடித்தவுடன் அது பின்னால் உருண்டோட வேண்டும் என்பதற்காகவும் தான். கைத்துப்பாக்கியில் அந்த வண்டியின் வேலையைச் சுடுகிறவனுடைய தோள் செய்கிறது.

உதையைக் கணக்கிடுவது சுலபம். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி என்ன வேகத்தில் பின்னோக்கி வருகிறதென்று தெரியும். ஒரு ராத்தலுக்கு 7,000 கிரெயின். சேலம், நீலகிரிக் காடுகளில் ஆட்கொல்லிகளை வேட்டையாடிய கென்னத் ஆண்டர்சன் வைத்திருந்தது .405 வின்செஸ்டர். அதன் குண்டு 300 கிரெயின். வேகம் வினாடிக்கு 2,200 அடி. துப்பாக்கி சுமார் 8 ராத்தல். கணக்குப் போட்டால் ஏறக்குறைய 12 அடி வேகம். மருந்து எரிந்து வெளிப்படும் வாயுவும் உதைப்பதால் உண்மையில் 15 அடிக்கு மேலே போகும். வடக்கே சம்பாவத் புலியைக் கொன்றதற்காக 1907-ல் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாக வந்தது .275 ரிக்பி. அதன் குண்டு 140 கிரெயின். வேகம் சுமார் 2,700 அடி. அதே எடையுள்ள துப்பாக்கியானால் குண்டினால் மட்டும் வரும் வேகம் 7 அடிக்குள் தான். உதை பாதியைச் சற்றே தாண்டியது. ஆனால் குண்டின் தாக்கும் சக்தியோ.405-ன் சக்தியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல். சிறு குண்டை வேகமாக விடுவதன் ஆதாயம் இதுவே. .22-ன் உதையோ வினாடிக்கு ஓர் அடி, குழந்தையும் தாங்கும். ஆனால் அதன் 40 கிரெயின் குண்டு பன்றியைக் கொல்லாது, புண்படுத்தும். புண்பட்ட பன்றி மறுநாள் களை எடுக்க வரும் பெண்கள்மேல் பாயும்.

இதில் பலரும் எதிர்பாராதது 12 போரின் கணக்கு. ஒன்றேகால் அவுன்சுக்குச் சற்றுக் குறைந்த ரவையை 1,200 அடி வேகத்தில் 7 ராத்தல் துப்பாக்கி விடும்போது, வாயுவைச் சேர்க்காமலே 12 அடி வேகம் வந்து விடுகிறது. அதாவது ‘சாதாரணத் துப்பாக்கி’ என்று இளைஞன் கையில் கொடுப்பது, ஆண்டர்சனின் ரைபிளுக்கு அருகே நிற்கிறது.

உதையின் கெடுதல் தோளில் படும் கன்றல் மட்டுமன்று. ஒரு முறை உதை வாங்கியவன் அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே கண்ணை மூடுகிறான், தோளைச் சுருக்குகிறான், குழல் தாழ்கிறது, குறி தவறுகிறது. தனக்கு இந்தக் குறை உண்டென்று எவனும் ஒப்புக்கொள்வதில்லை. பரீட்சை செய்ய, அவனுக்குத் தெரியாமல் வேறொருவர் வெற்றுத் தோட்டாவைக் கலந்து போட்டுக் கொடுக்க வேண்டும். வெடிக்காத போதும் குழல் குதித்தால் ரகசியம் வெளியாகிவிடும்.

பரிகாரங்கள் செலவில்லாதவை. கட்டையின் முனையைத் தோள்குழியில் நன்றாக அழுத்திக்கொள்ள வேண்டும். காறையெலும்பின் மேலோ, புஜத்தின் மேலோ அல்ல. தளர்வாகப் பிடித்தால் துப்பாக்கி ஓடிவந்து மோதும். இறுகப் பிடித்தால் உடம்பும் சேர்ந்து பின்வாங்கும். இடது காலை முன்வைத்து உடம்பைச் சற்று முன்சாய்க்க வேண்டும். குப்புறப் படுத்துச் சுடும்போது உடம்புக்குப் பின்வாங்க இடமில்லாமையால் அடி அதிகம். காதில் பஞ்சு வைப்பதும் பயன்படும். உதையென்று அஞ்சுவதில் பாதி, சத்தத்தின் அச்சமே. கட்டை ஆளின் கைநீளத்துக்குப் பொருந்தாவிட்டால் தச்சனைக் கொண்டு சரிசெய்யலாம். முனையில் ரப்பர் பட்டை வைக்கலாம். கனமான துப்பாக்கி தூக்கக் கஷ்டமானாலும் தோளுக்கு நண்பன், அதே.405 பத்து ராத்தல் இருந்தால் குண்டினால் வரும் 12 அடி ஒன்பதரையாகக் குறையும்.

நாட்டுத் துப்பாக்கியில் மருந்தின் அளவு சுடுகிறவன் கையில் இருக்கிறது. ‘இன்னும் ஒரு பிடி’ என்று கெட்டிக்கும் பழக்கத்தால் உதை மட்டுமன்றிக் குழலே வெடிக்கும். குண்டு மருந்தின்மேல் அழுந்தி உட்காராமல் நடுவில் இடைவெளி விட்டாலும் அதே ஆபத்து.

குண்டு எங்கே போய் நிற்கும் என்பதைத் துப்பாக்கி விற்பவர்கள் அதிகம் சொல்வதில்லை. .22 குண்டே ஒரு மைல் செல்லும். பெரிய ரைபிளின் குண்டு இரண்டு மைலுக்கும் மேல். மேல்சித்தாமூர்ப் பக்கத்துக் கொல்லைகளில் இரவு முழுவதும் காவலாட்கள் படுத்திருப்பார்கள். செஞ்சியை நெருங்க நெருங்கப் பாறைகள்; கல்லில் பட்ட குண்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. 12 போரின் பெரிய ரவைகள் 40 கஜத்துக்குள் தான் பயன் தரும். சீக்கிரம் விழுந்தும் விடும். பயிர்க் காவலுக்குச் சட்டம் வழவழப்பான குழலைச் சொல்லியிருப்பதில் இந்த நியாயமும் இருக்கிறது. வனத்துறையார் சுட வரும் இரவில் அக்கம்பக்கத்துக் கொல்லைகளில் இருப்பவர்கள் அனைவருக்கும் முன்கூட்டிச் சொல்லிவிடுவது சங்கத்தாரால் ஆகக்கூடிய காரியம். சுடுகிறவர் பரண்மேல் இருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தவறிய குண்டும் மண்ணில் புதையும்.

மேல்சித்தாமூரில் சமண மடமும் பார்சுவநாதர் கோவிலும் இருப்பதையும், அங்குள்ள சமணர் பலர் பயிர்த்தொழில் செய்பவர் என்பதையும் இங்கே மறக்க முடியாது. அஸ்தமனத்துக்குப் பின் உண்ணாமலும், பூச்சிக்கும் தீங்கெண்ணாமலும் வாழ வேண்டியவருடைய கொல்லையிலும் பன்றி கிளறத்தான் செய்கிறது. அவர்களுக்குத் தகரமும் பறையும், தீப்பந்தமும், காவலாளின் கூக்குரலும், முள்வேலியும் இருக்கின்றன. இவை தோளை உதைப்பதில்லை. ஆனால் ஒரே கொல்லையில் மட்டும் காவல் வைத்தால் பன்றி அடுத்த கொல்லைக்குப் போய்விடும். தொடர்ச்சியாக உள்ள கொல்லைக்காரர்கள் முறை வைத்துக்கொண்டு, காய் பிடித்த நாள் முதல் பறிக்கும் நாள் வரையில், நள்ளிரவிலிருந்து விடியும் வரை விழித்திருக்க வேண்டும். சேதம் நேர்ந்தால் அன்றைக்கே கிராம நிர்வாக அலுவலருக்கும் வனத்துறையாருக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, தேதி, சர்வே நம்பர், சேதமான பரப்பு ஆகியவற்றைக் குறித்த நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கிளறிய மண்ணைச் சமன் செய்யாமல் அவர்கள் வந்து பார்க்கும் வரை அப்படியே விட்டுவைப்பது நல்லது.