பாரஞ் சுமக்கும் சைக்கிள்

பாற்பாத்திரங்களைச் சைக்கிளில் கட்டிச் சங்கத்துக்குக் கொண்டு செல்வோர் அநேகர் முழங்கால் நோவினால் வருந்துகின்றனர். தேகபலக் குறைவே காரணமென்பது அவர்கள் எண்ணம். பெரும்பாலும் குறை காலிலில்லை. ஆசனத்தின் உயரத்தில் இருக்கிறது. தரையில் கால் நன்றாக ஊன்ற வேண்டுமென்று ஆசனத்தைத் தாழ்த்திவிடுவதால், முழங்கால் மிகுதியாக மடங்கிய நிலையிலேயே பாரமனைத்தையும் தாங்க நேரிடுகிறது.

சுவரில் சாய்ந்தபடி ஆசனத்தில் அமர்ந்து, மிதிகட்டையை அடிமட்டத்துக்குக் கொணர்ந்து, அதன்மேல் குதிகாலை வைத்துப் பார்க்க வேண்டும். கால் நேராக நீண்டால் உயரம் சரியே. முன்பாதத்தால் மிதிக்கையில் முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். ஒரேயடியாக உயர்த்தாமல், சில நாட்களுக்கொருமுறை கால் அங்குலமாக உயர்த்திப் பழகுவது நலம்.

சங்கிலிக்குத் தேங்காயெண்ணெய் உதவாது. நாளடைவில் பிசுக்காகிப் புழுதியைச் சேர்க்கும். இயந்திர எண்ணெயும் கண்ணிக்கு ஒரு துளி போதும். மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். ஏராளமாக ஊற்றுவதைப் பராமரிப்பென்று கருதுவோர் உளர். புழுதி கலந்த எண்ணெய் உப்புத்தாள்போல் இரும்பை அராவும். புதுச் சங்கிலியில் அரை அங்குலக் கண்ணிகள் 24 சேர்ந்து சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 1/16 அங்குலத்தைக் கடந்தால் மாற்றிவிடுவதே சிக்கனம். தாமதித்தால் பல்சக்கரங்களும் தேய்ந்து செலவு பன்மடங்காகும்.

மழையில் நனைந்த இரும்புச் சக்கர வளையத்தில் பிரேக் ரப்பர் எளிதில் பற்றாது. ஆகையால் இறக்கம் தொடங்குமுன்பே லேசாகப் பிடித்து நீரை வழித்துக்கொள்ள வேண்டும். பாத்திரங்கள் நிறைந்திருக்கையில் வண்டி நிற்க இன்னும் அதிக தூரம் வேண்டும்.