'எனக்கெல்லாம் படிப்பு வராதும்மா!' - இது சோம்பேறித்தனம் இல்லை, கவனியுங்கள்!

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலுக்கு அடுத்து நினைவுக்கு வருவது பீங்கான். கொலு பொம்மை, அகல் விளக்கு, ஃபியூஸ் கேரியர் என இந்த ஊரின் சூளைகளில் வெந்து வரும் பொருள்கள் ஏராளம். சூளை வேலை தெரிந்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். ஈரம் காயாத பொருளை அவசரமாகச் சூடேற்றினால் விரிசல் விட்டுவிடும். குறை மண்ணில் இல்லை, சூடேற்றிய விதத்தில்!

பொதுத் தேர்வு நெருங்கும்போது பிள்ளைகள் விஷயத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

''எழுந்திருக்கும்போதே அசதியா இருக்கு'', ''இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?'', ''எனக்கெல்லாம் வராதும்மா!''

இந்த மூன்றையும் உங்கள் பிள்ளை அடிக்கடி சொல்கிறாரா? தீராத களைப்பு, படிப்பில் வெறுப்பு, தன்னால் முடியாது என்ற எண்ணம் - இவை சேர்ந்ததையே உளவியலில் 'பர்ன்அவுட்' என்கிறார்கள். வேலை பார்ப்பவர்களிடம் இதை அளக்க, 1981-ல் கிறிஸ்டினா மஸ்லாக் ஓர் அளவுகோலை வெளியிட்டார். 2002-ல் அது மாணவர்களுக்கும் ஏற்றபடி மாற்றப்பட்டது.

மூன்றில், வீடு அதிகம் கைகொடுக்கக்கூடியது கடைசி விஷயத்தில்தான். தன்மீது நம்பிக்கையும் வாழ்க்கையில் திருப்தியும் உள்ள மாணவர்களிடம் பர்ன்அவுட் குறைவாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. சோர்வு கூடினால் நம்பிக்கை சரியும். நம்பிக்கை சரிந்தால் சோர்வு இன்னும் கூடும்.

வாழ்க்கைத் திருப்தியை அளக்க எட் டீனர் குழுவினர் 1985-ல் உருவாக்கிய அளவுகோலில் ஐந்தே வாக்கியங்கள். மார்க் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை!

பொதுத் தேர்வில் மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை 2017-ல் தமிழக அரசே நிறுத்திவிட்டது. நம் வீடுகளில்தான் ரேங்க் பட்டியல் இன்னும் ஓடுகிறது.

என்ன செய்யலாம்?

* பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன தேர்வைவிட எங்கே முன்னேறியிருக்கிறார் என்று சொல்லுங்கள்.

* தூக்கத்தைக் குறைத்துப் படிக்க வைக்காதீர்கள்.

* கபடி, கோலம், பாட்டு... மார்க் கிடைக்காத ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.

* 'எவ்வளவு மார்க்?' என்பதற்கு முன் 'சாப்பிட்டியா?' என்று கேளுங்கள்.

தூக்கமின்மையும் விரக்திப் பேச்சும் தொடர்ந்தால் தாமதிக்காமல் மனநல ஆலோசகரைப் பாருங்கள். 'டெலி மானஸ்' இலவச உதவி எண் 14416, 24 மணி நேரமும் இயங்குகிறது.

இன்று இரவு புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, பத்து நிமிடம் பிள்ளையோடு பேசிப் பாருங்களேன்!