நகலெடுப்பது வேறு, வார்ப்புரு வேறு

பாசிர் ரிஸ்ஸில் எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் லோயாங் வந்துவிடும். 2024 செப்டம்பர் 10ஆம் தேதி காலை, அங்குள்ள டிஜிட்டல் ரியால்டி தரவு நிலையத்தில் லித்தியம் மின்கலங்கள் தீப்பிடித்தன. அங்கிருந்து இயங்கிய அலிபாபா கிளவுட் சேவையின் சிங்கப்பூர்ப் பகுதிகளுள் ஒன்று முடங்கியது.

'மேகக் கணிமை' என்கிறோம். அந்த மேகம் நம் பேட்டைக்கு அருகிலுள்ள ஒரு கட்டடம்தான் என்பது அன்று பலருக்குப் புரிந்தது. எனக்கோ அந்தச் செய்தி கூடுதலாக உறைத்தது. ஒரு மாதத்துக்கு முன்புதான் தீயே இல்லாமல் எங்கள் இணையத்தளம் அழிந்திருந்தது.

தொடக்கநிலை ஆறு மாணவர்களுக்கு இலவசத் துணைப்பாடம் நடத்தும் ஒரு தொண்டூழியக் குழுவில் இருக்கிறேன். பயிற்சி வினாக்களும் மதிப்பெண்களும் இருந்த தளத்தை மூத்த மாணவி ஒருவர் உருவாக்கியிருந்தார். மாணவர்களுக்குக் கிடைக்கும் இலவசச் சலுகையில் அது ஓடியது. அவர் பட்டம் பெற்றுச் சென்றார், சலுகை முடிந்தது, சர்வரும் நீக்கப்பட்டது. பிஎஸ்எல்இ தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது.

அவரைத் தொலைபேசியில் அழைத்தேன். "தம்பி, பாஸ்வர்ட் இருக்கு. ஆனா அன்னிக்கு என்னென்ன அமைச்சேன்னு ஞாபகமே இல்லப்பா," என்றார்.

தளத்தை மீண்டும் எழுப்ப மூன்று வாரயிறுதிகள் ஆயின. எந்த அளவு சர்வர், எந்தத் தரவுத்தளம், யார் உள்ளே வரலாம் என எல்லாமே முன்பு திரையில் ஒவ்வொன்றாகச் சொடுக்கி அமைக்கப்பட்டவை. எதையும் யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுதி வைத்த கட்டடம்

இதற்கான தீர்வு பல ஆண்டுகளாகவே இருக்கிறது. அமேசான் 2011இல் கிளவுட்ஃபார்மேஷனையும் ஹாஷிகார்ப் நிறுவனம் 2014இல் டெராஃபார்மையும் வெளியிட்டன. "எனக்கு இரண்டு சர்வர், ஒரு தரவுத்தளம், இந்த விதிகள் வேண்டும்" என்று ஒரு கோப்பில் எழுதினால் போதும். மென்பொருள் அதைப் படித்து, ஏற்கெனவே இருப்பதோடு ஒப்பிட்டு, எவற்றைச் சேர்க்கும், எவற்றை நீக்கும் என்று பட்டியலிடும். நாம் சம்மதித்தால் அமைத்துக் கொடுக்கும்.

இந்தச் சிந்தனை சிங்கப்பூரர்களுக்குப் புதிதல்ல. 1960இல் தொடங்கிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1965க்குள் 54,000க்கும் அதிகமான வீடுகளைக் கட்டியது. ஒவ்வொரு வீட்டுக்கும் புதிதாக வரைபடம் போட்டிருந்தால் அந்த வேகம் சாத்தியமாகியிருக்காது.

ஒரே ஓட்டை, மூன்று இடங்களில்

நானும் டெராஃபார்ம் கற்றுக்கொண்டு ஒரு கோப்பை எழுதினேன். வேறு இரு நிலையங்களும் தளம் கேட்டன. கோப்பை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றிக் கொடுத்தேன். ஒரே மாலையில் வேலை முடிந்ததும் பெருமையாக இருந்தது.

சில வாரங்கள் கழித்துப் பதிவேட்டைப் பார்த்தபோது, யாரோ எங்கெங்கிருந்தோ சர்வருக்குள் நுழைய முயன்றது தெரிந்தது. நிர்வாகிகள் நுழையும் 22ஆம் எண் வாசலை, சோதனைக்காக உலகம் முழுவதற்கும் திறந்துவிட்டு மூட மறந்திருந்தேன். பிள்ளைகளின் பெயர்கள் உள்ள சர்வர் அது. நல்லவேளையாக யாரும் உள்ளே நுழைந்ததற்கான தடயம் இல்லை. ஆனால் நகலெடுத்ததால் அதே தவறு மூன்று இடங்களிலும் இருந்தது. மூன்று முறை திருத்த வேண்டியதாயிற்று.

அப்போதுதான் வேறுபாடு புரிந்தது. நகலெடுத்தால் தவறும் சேர்ந்து பெருகும். பொதுவான பகுதியை ஒரே இடத்தில் பதிப்பு எண்ணுடன் வைத்து, மற்ற கோப்புகள் அதை அழைத்துப் பயன்படுத்தினால், அங்கே திருத்திப் புதிய பதிப்பை வெளியிட்டால் போதும். ஒவ்வொரு நிலையமும் தன் கோப்பில் பதிப்பு எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளும்.

இன்னொரு பாடமும் உண்டு. முதலில் எல்லாவற்றையும் மாற்றத்தக்கதாக வைத்தேன். நிரப்ப வேண்டியவை முப்பதைத் தாண்டின. இளைய தொண்டூழியர்கள் கோப்பைத் திறக்கவே தயங்கினர். இப்போது நிலையத்தின் பெயர், சர்வரின் அளவு, மாதச் செலவு வரம்பு ஆகிய மூன்றை மட்டுமே கேட்கிறது. பாதுகாப்பு விதிகளை எவரும் மாற்ற முடியாது. வீட்டில் தரை ஓட்டின் நிறத்தை நாம் தேர்ந்தெடுக்கலாம், தூணின் இடத்தைத் தேர்ந்தெடுக்க முடியாதல்லவா?

வார்ப்புருவால் ஆகாததும் உண்டு. அது கட்டடத்தை மீண்டும் எழுப்பும், உள்ளே இருந்த பொருள்களைத் திருப்பித் தராது. எங்கள் பிள்ளைகளின் ஓராண்டு மதிப்பெண்கள் போனவை போனவைதான். தரவை வேறோர் இடத்தில் தனியாகச் சேமிக்க வேண்டும். மறைச்சொற்களை வார்ப்புருவில் எழுதவே கூடாது.

முயன்று பார்க்க விரும்பும் மாணவர்கள் ஒரே ஒரு சிறிய சர்வருடன் தொடங்குங்கள். பயிற்சி முடிந்ததும் நீக்கும் கட்டளையை இயக்க மறவாதீர்கள். இல்லாவிட்டால் மாதக் கடைசியில் கட்டணம் வந்து நிற்கும்.

அண்மையில் நான்காவது நிலையம் ஒன்று தளம் கேட்டது. தொடக்கக் கல்லூரி மாணவி ஒருவர் சனிக்கிழமை காலையில் அதை அமைத்து முடித்துவிட்டார். எனக்கு அது மாலையில்தான் தெரியவந்தது. ஒரு சந்தேகம் கேட்கக்கூட அவர் என்னை அழைக்கவில்லை.