எரிமலை உச்சியில் சூரிய உதயம்: அசாம் ஜாவாவிலிருந்து கிளம்புறவங்களுக்கு

நம்ம அசாம் ஜாவாவைச் சுத்தி எங்க பார்த்தாலும் செம்பனை, சமதரை. எரிமலையில ஏறி சூரியன் உதிக்கிறதைப் பார்க்கணும்னு ஆசை இருந்தா, நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்தோனேசியாவுல மேடான் இருக்கு. விமானத்துல ஏறக்குறைய ஒரு மணி நேரம். அங்கிருந்து காரில் பெராஸ்தாகி. ஊருக்கு மேலே சிபாயாக் எரிமலை, உயரம் 2,200 மீட்டருக்குப் பக்கம்.

டிக்கெட் விலை பார்க்கிறதுக்கு முன்னாடி மலையோட நிலையைப் பாருங்க. இந்தோனேசிய அரசோட எரிமலை மையம் நாலு நிலை அறிவிக்குது: நார்மல், வஸ்பாடா, சியாகா, அவாஸ். ‘மாக்மா இந்தோனேசியா’ இணையப் பக்கத்துல யார் வேணும்னாலும் பார்க்கலாம். நார்மல்னு இருந்தா மட்டும் போங்க. ஏன் இவ்வளவு கண்டிப்பா சொல்றேன்? மேற்குச் சுமத்ராவுல மராப்பி மலை 2011-லிருந்து இரண்டாம் நிலையான வஸ்பாடாவுலதான் இருந்தது. ஆனாலும் ஆட்கள் ஏறிக்கிட்டே இருந்தாங்க. 2023 டிசம்பர் 3-ஆம் தேதி அது வெடிச்சு, ஏறப்போனவங்கள்ல 20 பேருக்கு மேல இறந்துட்டாங்க. பெராஸ்தாகியிலிருந்து பார்த்தாலே தெரியுற சினாபுங், பல நூறு வருஷம் அமைதியா இருந்து 2010-ல எழுந்த மலை. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

அடுத்தது வழிகாட்டி. சிபாயாக் காட்டுல வழி தவறிக் காணாமப் போனவங்க உண்டு. இருட்டுல தனியா ஏறாதீங்க. பேசும்போதே கேளுங்க: மழையோ புகையோ வந்தா திரும்பலாம்னு முடிவெடுக்கிறது யாரு? “நான்தான்”னு சொல்றவரை வச்சுக்கோங்க. நேரத்தையும் தெளிவாக் கேட்டுக்கோங்க. அங்க மணி நம்மைவிட ஒரு மணி நேரம் பின்னாடி. அவர் காலை மூணரைன்னு சொன்னா, நமக்கு நாலரை.

உச்சியில பாறை வெடிப்புகள்ல கந்தக ஆவி ‘உஸ்ஸ்’னு சீறி வரும், வெடிப்போட வாய் முழுக்கக் கந்தகம் மஞ்சளாப் படிஞ்சிருக்கும். படம் எடுக்க ரொம்பக் கிட்ட போகாதீங்க, சூடு தோலைப் பொசுக்கிடும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, பள்ளத்துல தேங்கும், அங்க உட்காராதீங்க. ஆஸ்துமா இருந்தா டாக்டரைக் கேட்காமப் போகவே கூடாது. குளிருக்கு ஜாக்கெட், தலையில மாட்டுற விளக்கு, நல்ல பிடிப்புள்ள காலணி போதும். பயிற்சிக்கு நம்ம புக்கிட் மெலாவத்தி இருக்கு, நில்லாம ஏறி இறங்கிப் பழகுங்க.

கிளம்புறதுக்கு முந்தின ராத்திரி மறுபடியும் நிலையைப் பாருங்க. வஸ்பாடான்னு மாறியிருந்தா, கட்டின காசு போனாலும் பரவாயில்லை, ஏறாதீங்க.