கணினி உலகின் எதிர்வுகூறல்களும் கரைத்துக் குடிக்கப்பட்ட ஒரு கட்டுரையும்

1997 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அமெரிக்காவின் சாண்டா கிளாரா நகரில் நடைபெற்ற இணைய மாநாடொன்றின் மேடையில் வினோதமான காட்சியொன்று அரங்கேறியது. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் முறையை உருவாக்கியவர்களுள் ஒருவரான ரொபர்ட் மெட்காப், தாம் எழுதிய பத்தி ஒன்றின் பிரதியைத் திரவத்துடன் சேர்த்து பிளெண்டரில் இட்டு அரைத்து, கூழாக வந்ததைச் சபையோர் முன்னிலையில் உட்கொண்டார். 1995 ஆம் ஆண்டு இன்போவேர்ல்ட் சஞ்சிகையில் வெளியான அப்பத்தியில், அடுத்த ஆண்டில் இணையம் பெருஞ்சரிவைச் சந்தித்து முடங்கிவிடும் என அவர் எதிர்வுகூறியிருந்தார். தவறினால் எழுதியதை உண்பதாகவும் வாக்களித்திருந்தார். 1996 கழிந்தது; இணையம் முடங்கவில்லை. பத்தி அச்சிடப்பட்ட பெரிய கேக் ஒன்றை உண்டு தப்பித்துக்கொள்ள அவர் முனைந்தாராயினும் சபையோர் விடவில்லை.

நாளை நடப்பதை இன்றே அறியும் ஆவல் மனிதருக்குப் பொதுவானது. சோதிடத்தில் நம்பிக்கையுடைய வாசகரும், அது மார்க்கத்துக்கு ஒவ்வாதது என விலக்கும் முஸ்லிம் வாசகரும், கணினி வல்லுநர் ஒருவர் 'இன்னும் ஐந்து ஆண்டுகளில்' எனத் தொடங்கியதும் ஒரேவிதமாகவே காது கொடுக்கின்றனர். அத்தகைய பழைய வாக்குகளை இன்று எடுத்துப் படித்தால் சிரிக்காமல் இருப்பது கடினம்.

எனினும் சிரிப்பதற்கு முன்னர் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவற்றுள் மிகவும் பிரபலமானவை பல, சொன்னதாகக் கூறப்படுவோரால் சொல்லப்படாதவை. உலகம் முழுவதற்கும் 5 கணினிகளே போதும் என ஐ.பி.எம். நிறுவனத்தின் தலைவர் தோமஸ் வொட்சன் 1943 இல் கூறினார் என்ற கதைக்கு ஆதாரம் எதுவும் இல்லை. 1953 ஆம் ஆண்டின் பங்குதாரர் கூட்டத்தில் அவரது மகன், புதிய இயந்திரம் ஒன்றுக்கு 5 கட்டளைகளை எதிர்பார்த்துச் சென்று 18 கட்டளைகளுடன் திரும்பினோம் என மகிழ்ச்சியுடன் அறிவித்ததே இவ்வாறு திரிபடைந்திருக்க வேண்டும் என்பது அந்நிறுவனத்தின் விளக்கம். 640 கிலோபைட் நினைவகம் எவருக்கும் போதுமானது எனக் கூறியதாகச் சொல்லப்படுவதை பில் கேட்ஸ் பலமுறை மறுத்துள்ளார். இத்தகைய துணுக்குகளை இடநிரப்பியாகப் பயன்படுத்திய பாவத்தில் பத்திரிகையாளராகிய எமக்கும் பங்குண்டு.

உண்மையாகவே அச்சில் வந்தவற்றைப் பார்ப்போம். 1949 மார்ச் மாத பொப்பியுலர் மெக்கானிக்ஸ் சஞ்சிகை, எதிர்காலக் கணினிகள் ஒன்றரைத் தொன் எடைக்குக் குறையக்கூடும் என எழுதியது. அக்காலத்து எனியாக் இயந்திரத்தின் எடையோ 30 தொன். ஆகவே அது துணிச்சலான கூற்றுத்தான். எடை குறையும் என்றது பலித்தது. சட்டைப்பைக்குள் அடங்கும் என்பது அவர்களது கனவிலும் தோன்றவில்லை.

இதற்கு நேரெதிரான சம்பவம் 1965 ஆம் ஆண்டுக்குரியது. சில்லு ஒன்றில் அடக்கக்கூடிய உறுப்புகளின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிக்கும் எனக் கோர்டன் மூர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையுடன் கேலிச்சித்திரம் ஒன்றும் அச்சாகியிருந்தது. கடையொன்றில் அழகுசாதனப் பொருட்களுக்கு அருகே கைக்கணினிகளையும் வைத்து ஒருவர் கூவி விற்கிறார். மூர் தமது கணக்கைப் பத்தாண்டுகளின் பின்னர் திருத்த வேண்டியிருந்தது. கேலிச்சித்திரம் திருத்தமின்றிப் பலித்தது. ஐயமுள்ளோர் எமது நகரங்களின் கடைத்தெருக்களில் நடந்து பார்க்கலாம்.

கொழும்பிலேயே வாழ்ந்து 2008 இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க்கின் கதையும் சுவையானது. செய்மதிகள் மூலம் உலகெங்கும் தொடர்பாடலாம் என 1945 இலேயே எழுதிய அவர், அவற்றை மனிதர் தங்கிப் பணியாற்றும் விண்வெளி நிலையங்களாகவே கற்பனை செய்திருந்தார். வானொலிப் பெட்டிகளில் அக்காலத்தில் இருந்த வால்வுகள் பழுதடைந்தால் மாற்றுவதற்கு ஆள் வேண்டுமல்லவா!

விளையாட்டைப் பற்றிய ஆரூடங்களே இவற்றுள் எல்லாம் வேடிக்கையானவை. பத்து ஆண்டுகளுக்குள் கணினி உலக சதுரங்கச் சம்பியனாகும் என 1957 இல் ஹேர்பர்ட் சைமன் அறிவித்தார். பின்னாளில் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அறிஞர் அவர். 1968 இல் டேவிட் லெவி என்ற ஸ்கொட்லாந்துச் சதுரங்க வீரர், பத்து ஆண்டுகளுக்குத் தம்மை எந்தக் கணினியாலும் வெல்ல முடியாது எனச் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர்களிடமே பந்தயம் கட்டி, 1978 இல் வென்று பணத்தையும் பெற்றுக்கொண்டார். டீப் புளூ கணினி காஸ்பரோவை வீழ்த்தியது 1997 மே மாதத்திலேயே. சைமனின் பத்து ஆண்டுகள் நாற்பதாயின.

இதனால் அனைவரும் நிதானம் கற்றுக்கொண்டனரா? அதே 1997 இல், கிழக்காசியரின் 'கோ' எனும் பலகை விளையாட்டில் மனிதரைக் கணினி வெல்வதற்கு நூறு ஆண்டுகளோ அதற்கு மேலுமோ செல்லக்கூடும் என வானியற்பியலாளர் பீட் ஹட் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கூறினார். 2016 மார்ச்சில் சியோல் நகரில் அல்பாகோ என்ற நிரல் லீ செடொலை 4 - 1 என வென்றது. நூறு ஆண்டுகள் பத்தொன்பதாகச் சுருங்கின. பத்து நாற்பதாவதும் நூறு பத்தொன்பதாவதும் ஆகிய இக்கணக்கை எந்தப் பஞ்சாங்கத்தில் தேடுவது?

கணினி வென்ற பின்னர் சதுரங்கத்துக்கு எதிர்காலமில்லை என்று எண்ணியோரும் இருந்தனர். டீப் புளூவின் வெற்றிக்கு ஒன்பது ஆண்டுகளின் பின்னர் பிறந்த சென்னைச் சிறுவன் குகேஷ், 2024 டிசம்பரில் தமது 18 ஆவது வயதில் உலக சம்பியனானார். இயந்திரம் தம்மைவிட நன்றாக ஆடும் என்பதற்காக மனிதர் ஆடுவதை நிறுத்தவில்லை.

வீடியோ விளையாட்டுகளுக்கும் மரண அறிவித்தல் எழுதப்பட்டதுண்டு. 1983 இல் அமெரிக்கச் சந்தை சரிந்து, அட்டாரி நிறுவனம் விற்பனையாகாத விளையாட்டுப் பேழைகளை நியூ மெக்சிகோவில் குழி தோண்டிப் புதைத்தபோது, அது முடிந்துபோன மோகம் என்றே வர்த்தகர்கள் கருதினர். இரு ஆண்டுகளின் பின்னர் நின்டெண்டோ நிறுவனம் தனது சாதனத்துடன் ஒரு ரோபோ பொம்மையையும் சேர்த்து, விளையாட்டுப் பொருள் என்ற தோற்றத்தில் அதே கடைகளுக்குள் நுழைந்தது. இன்று அத்துறையின் வளர்ச்சி யாவரும் அறிந்ததே.

எவருமே எதிர்வுகூறாத திருப்பம் வேறொன்று. விளையாட்டுகளின் காட்சிகளைத் திரையில் விரைவாகத் தீட்டுவதற்கென உருவாக்கப்பட்ட வரைகலை அட்டைகள், பெருந்தொகையான கணிப்புகளை ஒரே நேரத்தில் செய்யவல்லவை. 2012 இல் டொரொன்டோ பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி ஹிண்டனின் மாணவர்கள் அத்தகைய அட்டைகள் இரண்டைக் கொண்டு, படங்களை இனங்காணும் செயற்கை நுண்ணறிவு வலையமைப்பு ஒன்றைப் பயிற்றி, உலகப் போட்டியில் முதலிடம் பெற்றனர். இன்றைய செயற்கை நுண்ணறிவு அலை அங்கிருந்தே எழுந்தது. படிப்பைக் கெடுக்கும் பேய் எனப் பெற்றோர் ஏசிய விளையாட்டுகளே அதற்குரிய கருவியை வளர்த்துக் கொடுத்தன.

அந்த ஹிண்டன்தான் 2016 இல், கதிரியக்கப் படங்களை வாசிக்கும் மருத்துவ நிபுணர்களைப் பயிற்றுவதை உடனடியாக நிறுத்திவிட வேண்டும் என்றும், ஐந்து ஆண்டுகளில் இயந்திரங்கள் அவர்களை மிஞ்சிவிடும் என்றும் கூறினார். இங்கேதான் எமது சிரிப்பு நின்றுவிடுகிறது. கணினியின் எடை குறித்துத் தவறாகச் சொன்னதால் எவருக்கும் நட்டமில்லை. ஆனால் இந்த அறிவுரையை நாடுகள் நிறைவேற்றியிருந்தால் என்னவாகியிருக்கும்? அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் அதன் பின்னரான ஒன்பது ஆண்டுகளில் இந்நிபுணர்களின் தொகை 55 வீதத்தால் கூடியதேயன்றிக் குறையவில்லை. செயற்கை நுண்ணறிவும் அவர்களுக்கு அருகிலேயே பணியாற்றுகிறது. தாம் அளவுக்கு மீறிப் பொதுமைப்படுத்திக் கூறிவிட்டதாக 2025 இல் ஹிண்டனே ஒப்புக்கொண்டார். இடையில் 2024 இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்திருந்தது.

அதே 2024 பெப்ரவரியில் டுபாய் மாநாடொன்றில் பேசிய என்விடியா நிறுவனத் தலைவர் ஜென்சன் ஹுவாங், பிள்ளைகள் கணினி நிரலாக்கம் கற்கவேண்டும் என்ற பழைய அறிவுரைக்கு நேர்மாறானதே இனிப் பொருந்தும் என்றார். அவரது நிறுவனம் விற்பதும் மேற்கூறிய அட்டைகளையே என்பதை வாசகர் மனங்கொள்ள வேண்டும்.

க.பொ.த. உயர்தர வகுப்பில் எந்தப் பிரிவைத் தெரிவது என்ற கேள்வியுடன் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் இப்போது இக்கூற்றுகளையே எம்மிடம் ஒப்புவிக்கின்றனர். கணினி படித்தால் வேலை இல்லையாம், கணக்கியல் படித்தால் வேலை இல்லையாம், மொழிபெயர்ப்பும் இல்லையாம். எமது நாட்டில் ஒரு மாணவி மருத்துவபீடத்தில் ஐந்து ஆண்டுகள் கற்று, ஓராண்டு உள்ளகப் பயிற்சி முடித்து, அதன் பின்னரே நிபுணத்துவப் பட்டப்பின் பயிற்சிக்குச் செல்ல முடியும். ஹிண்டன் பேசிய ஆண்டில் முதலாம் வருடத்தில் சேர்ந்தவருக்கு, அவர் கொடுத்த ஐந்தாண்டுத் தவணை நிபுணத்துவப் பயிற்சி தொடங்குவதற்கு முன்னரே முடிந்துவிட்டது. அத்தவணையை நம்பி வேறு பிரிவுக்கு மாறியிருப்பாரானால், அந்த ஆண்டுகளை அவருக்குத் திருப்பிக் கொடுப்பவர் எவரும் இல்லை.

எந்தப் பிரிவு நல்லது என எம்மிடம் கேட்போருக்கு, பிள்ளை எதனை விரும்பிப் படிக்கிறது எனத் திருப்பிக் கேட்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். எமது கூற்றும் பொய்த்தால் மெட்காபைப் போன்று அரைத்துக் குடிப்பதற்கு இணையத்தளத்தில் எழுதும் எம்மிடம் காகிதமும் இல்லை.