ஃபேன் மெதுவா சுத்துதா? சென்சாரை உடனே மாத்தாதீங்க!

அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கி வைக்கப்பட்டது. குழாய் மட்டும் சுமார் 1,065 கிலோமீட்டர். அந்தப் பள்ளங்களுக்காக எத்தனை பொக்லைன்கள் வெயிலில் நின்றிருக்கும், யோசிச்சுப் பாருங்க நண்பர்களே!

இப்போதைய பெரிய இயந்திரங்கள் பலவற்றில் ரேடியேட்டர் ஃபேனைச் சுற்றுவது பெல்ட் அல்ல, ஹைட்ராலிக் மோட்டார். கூலன்ட் சென்சார் சொல்வதைக் கேட்டு கன்ட்ரோலர் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். சூடு ஏறினால் சென்சாரின் ரெசிஸ்டன்ஸ் இறங்கும். பரவலான ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சொச்சம்.

ஒயர் முழுசா அறுந்தால் பயமில்லை. கன்ட்ரோலர் ஃபால்ட் கோடு காட்டிவிட்டு, பெரும்பாலும் ஃபேனை முழு வேகத்தில் விட்டுவிடும். காலைக் குளிரிலேயே ஃபேன் 'ஹோ'ன்னு அலறினால் சந்தேகப்படுங்க.

ஆபத்து, கனெக்டரில் பிடிக்கும் பச்சைக் களிம்புதான். அது 500 ஓம் சேர்த்தால் 300 என்பது 800 ஆகும். எஞ்சின் இருப்பது 80 டிகிரி. கன்ட்ரோலருக்குத் தெரிவதோ சுமார் 50! கோடும் வராது, ஃபேனும் வேகமெடுக்காது, தண்ணி மட்டும் கொதிக்கும். புது சென்சார் போட்டாலும் இதே கதைதான்; காசுதான் தண்டம்.

சாவியை அணைச்சிட்டு, சென்சார் முனையில் ஒரு தடவை, கன்ட்ரோலர் பிளக்கைக் கழற்றி அந்த ஒயர் முனையில் ஒரு தடவை மல்டிமீட்டர் வைங்க. இரண்டும் ஒத்துப்போகலையா? கோளாறு நடுவழியில். ஒயரை ஆட்டி ஆட்டிப் பாருங்க, முள் எங்கே துள்ளுதுன்னு தெரிஞ்சிடும்.