கல்லுக்குள் கிடந்த சிப்பி: ‘இது புதிய இனம்’ என்று எப்படி முடிவு செய்கிறார்கள்?

நெல்லைக்குப் பக்கத்தில் தாழையூத்தில் சிமென்ட் ஆலை இருக்கிறது. அரியலூரைச் சுற்றியும் வரிசையாக சிமென்ட் ஆலைகள். இரண்டு ஊரிலும் மூலப்பொருள் சுண்ணாம்புக்கல்தான். ஆனால், அரியலூர்க் கல்லை உடைத்தால் சிப்பிகள் உதிரும். தாழையூத்துக் கல்லை என்னதான் உடைத்தாலும் ஒரு சிப்பிகூடத் தேறாது.

காரணம் வயதும் வெப்பமும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் அடிப்பாறைகள் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து, அழுந்தி, உருமாறியவை. அது நடந்து 50 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அப்போது உயிரின் தடம் ஏதாவது இருந்திருந்தாலும் அழிந்திருக்கும். கொற்கை பக்கம் மண்ணுக்குள் கிடைக்கும் சங்கும் சிப்பியும் நிலவியல் கணக்கில் நேற்று வந்தவை.

அரியலூர் அப்படியில்லை. சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, டைனோசர்களின் கடைசிக் காலத்தில், அங்கே ஆழமில்லாத கடல் இருந்தது. அந்தக் கடலடியில் படிந்ததுதான் கல்லங்குறிச்சி சுண்ணாம்புக்கல். அதில் கிடைக்கும் உயிர்களில் ஒன்று பிராக்கியோபாட்.

பிராக்கியோபாட்... சிப்பிதானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும். ஆனால், மட்டி, சிப்பிக் குடும்பத்துக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. மட்டியின் இரண்டு ஓடுகள் உடலின் இடமும் வலமும். பிராக்கியோபாடின் ஓடுகள் மேலும் கீழும். ஒரு ஓட்டை எடுத்து நடுவில் கோடு போட்டுப் பாருங்கள். இரண்டு பாதியும் ஒரே மாதிரி இருந்தால், பெரும்பாலும் அது பிராக்கியோபாட். மட்டியில் பொதுவாக அப்படி வராது.

பல வகைகளில் ஒரு ஓட்டின் நுனியில் சின்ன துளை இருக்கும். அதன் வழியாகத் தண்டு நீட்டிப் பாறையைப் பிடித்துக்கொள்ளும். பழைய எண்ணெய் விளக்கில் திரி போடும் இடம் போலத் தெரிவதால் ஆங்கிலேயர் இதை ‘விளக்குச் சிப்பி’ என்றார்கள். 12,000-க்கும் மேற்பட்ட புதைபடிவ இனங்களுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. இன்று உயிரோடு இருப்பவை சுமார் 400 மட்டுமே. சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு நடந்த பேரழிவில் அடிவாங்கிய கூட்டம் இது.

சரி, புதுசு என்று எப்படித் தெரியும்?

ஒரே ஒரு ஓட்டை வைத்துச் சொல்லிவிட முடியாது. குட்டிக்கும் வளர்ந்ததற்கும் வடிவம் மாறும். பாறை அழுத்தத்தில் சில நசுங்கியிருக்கும். அதனால் ஒரே படுகையிலிருந்து முடிந்தவரை பல மாதிரிகளை எடுத்து நீளம், அகலம், தடிமன், வரிகளின் எண்ணிக்கை, துளையின் வடிவம், முன்விளிம்பின் மடிப்பு எல்லாவற்றையும் அளப்பார்கள்.

அடுத்ததுதான் கஷ்டம். வெளியே ஒரே மாதிரி இருக்கும் இரண்டு சிப்பிகள் உள்ளே முற்றிலும் வேறாக இருக்கலாம். உள்ளே பார்க்க என்ன வழி? தேய்க்க வேண்டும். முதலில் சிப்பிக்கு அச்சு எடுத்துவிட்டு, 0.1 மில்லிமீட்டர் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து, ஒவ்வொரு முறையும் தெரியும் குறுக்குவெட்டைப் பதிவு செய்வார்கள். முடியும்போது அந்தச் சிப்பியே இருக்காது. இப்போது சி.டி. ஸ்கேன் இருக்கிறது. ஆனால், ஓடும் உள்ளே அடைத்திருக்கும் பொருளும் ஒரே சுண்ணாம்பு என்றால் ஸ்கேனில் பிரித்துப் பார்ப்பது சிரமம். பல மாதிரிகள் தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

150 ஆண்டு பழைய புத்தகம் எதற்கு?

ஏற்கெனவே பெயர் உள்ளதா என்று பார்க்க வேண்டாமா? திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரி புதைபடிவங்களைப் பற்றி எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-லேயே எழுதிவிட்டார். பிறகு ஹென்றி பிளான்ஃபோர்டு உள்ளிட்டோர் இந்தப் பகுதியை ஆய்வு செய்து மாதிரிகளைச் சேர்த்தார்கள். அந்தச் சேகரிப்பிலிருந்த பிராக்கியோபாட்களை விவரித்து 1872-ல் நூல் வெளியிட்டவர், மொராவியாவில் பிறந்து இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிஸ்கா. இரண்டே ஆண்டில், 36 வயதில், லடாக்கில் பயணத்தின்போது இறந்துபோனார்.

அந்தக் காலத்தில் வழவழப்பான சிப்பிகளை ‘டெரிப்ராட்டுலா’ என்றும், வரி விழுந்தவற்றை ‘ரிங்கோனெல்லா’ என்றும் பெரிய மூட்டைகளாகக் கட்டிவிடுவது வழக்கம். பின்னால் வந்தவர்கள் உள்ளமைப்பைப் பார்த்து இவற்றைப் பல பேரினங்களாகப் பிரித்தார்கள். எனவே, இன்று ஒருவர் ‘புதுசு’ என்று சொல்லும் முன், கொல்கத்தாவில் பாதுகாக்கப்படும் ஸ்டோலிஸ்காவின் மாதிரிகளோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

பெயர் எப்படி வைப்பார்கள்?

விலங்குப் பெயர்களுக்கு உலகப் பொது விதிகள் உண்டு. பேரினம், இனம் என இரண்டு சொற்கள். லத்தீன் எழுத்துகள். ஊர்ப் பெயர் என்றால் பெரும்பாலும் பின்னால் ‘என்சிஸ்’ சேரும். மற்ற இனங்களிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று எழுத வேண்டும். அந்தப் பெயரைத் தாங்கும் ‘ஹோலோடைப்’ என்ற ஒரே மாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்த நிறுவனத்தில் இருக்கும் என்றும் சொல்ல வேண்டும். அதைத் தேய்க்க மாட்டார்கள். முறையான வெளியீட்டில் வந்தால்தான் பெயர் செல்லும். வாட்ஸ்அப்பில் படம் போட்டால் செல்லாது. இணையத்தில் மட்டும் வரும் இதழ் என்றால், 2012 முதல் ‘ஸூபேங்க்’ பதிவும் கட்டாயம்.

இதில் நமக்கு என்ன?

ஸ்டோலிஸ்கா வைத்த பெயர்களைச் சரிபார்க்க, அதே ஊரின் அதே படுகையிலிருந்து புதிய மாதிரிகள் வேண்டும். பழைய மாதிரிகளைத் தேய்த்துப் பார்க்க முடியாதே! அந்தப் படுகையைத் தோண்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது சிமென்ட் சுரங்கம்தான். அதை அரைத்து மூட்டையில் கட்டுவதும் அதே சுரங்கம்தான். தோண்டும்போதே மாதிரியும் குறிப்பும் எடுக்காவிட்டால் பிறகு வாய்ப்பில்லை.

அரியலூர் பக்கம் போகும்போது ஏதாவது கண்ணில் பட்டால் பெயர்த்து எடுக்காதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து, இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். இடத்தையும் எந்த அடுக்கு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வாரணவாசியில் உள்ள தொல்லுயிர் அருங்காட்சியகத்தில் காட்டலாம். நெல்லை, தூத்துக்குடிக்காரர்களுக்கு வ.உ.சி. கல்லூரியின் நிலவியல் துறை பக்கம்தான். எங்கே கிடைத்தது என்ற குறிப்பு இல்லாத சிப்பி, ஷோகேஸுக்கு அழகு. ஆனால், ஒரு புதிய இனத்துக்கு அது சாட்சியாக முடியாது.